நடந்து போனவர்கள் பெயரைச் சாலைக்கு வையுங்கள்!

வாசுதேவநல்லூர் தெருமுனைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்:



நம்ம ஊர் வழியா ஓடுற தேசிய நெடுஞ்சாலைக்கு 744-னு நம்பர் இருக்கு. அது திருமங்கலத்துல முடியும். மதுரையைத் தாண்டினா ராமநாதபுரம், மண்டபம், தனுஷ்கோடிக்கு 87-ம் எண் சாலை. சாலைக்கு நம்பர் இருக்கு. அந்தத் திசையில நடந்து போன நம்ம சனங்களுக்குத்தான் பேரே இல்ல.

19-ம் நூற்றாண்டில் பஞ்சம் துரத்த, கங்காணி பேச்சை நம்பி, திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். கடல் தாண்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடை. காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மிஞ்சியவர்கள்தான் இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களை உருவாக்கினார்கள்.

1948-ல் அந்த நாடு அவர்களுக்குக் குடியுரிமை மறுத்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கணும்னு கணக்குப் போட்டது. அவங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கல. திரும்பி வந்தவங்களை நாமளும் 'சிலோன்காரங்க'ன்னு தள்ளித்தான் வச்சோம்.

2023-ல், 200 ஆண்டு நினைவாக, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மறுபடியும் நடந்தார்கள். அந்தக் கரையில நினைவு இருக்கு. இந்தக் கரையில?

அமெரிக்காவில் குடியேறிகள் வண்டி கட்டிப் போன ஒரேகான் தடத்துக்கு நெடுஞ்சாலை ஓரம் பலகை இருக்கு. நாம கேட்பதும் அவ்வளவுதான்: ராமநாதபுரம்–தனுஷ்கோடி சாலைக்கு 'மலையகத் தமிழர் நடைவழி' என்று பெயர் சூட்டுங்கள். அவர்களைத் தடுத்து வைத்திருந்த மண்டபம் முகாம் வாசலில் வரலாற்றைப் பலகையாக வையுங்கள்.

உங்க வீட்டிலும் சிலோனுக்குப் போன தாத்தா, பாட்டி இருப்பாங்க. அவங்க ஊரையும் கதையையும் கீழே எழுதுங்க. அதையும் சேர்த்தே மனு கொடுப்போம்.