விரலை நீட்டியவர் யார், பேனாவை எடுத்தவர் யார்?



சூனியக்காரி என்று ஒருவர் மீது பொய்ப்பழி கிளம்புகிறது. அது ஊர் முழுக்கப் பரவுகிறது. உயிர்கள் போகின்றன. குற்றம் யாருடையது? இன்றைய மன்றத்தின் கேள்வி இதுதான். "எல்லாருக்கும் பங்கு உண்டு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கும். ஆனால் எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டுக் கொடுத்தால் யார் தலையிலும் அது கனக்காது. பங்கைச் சரியாகப் பிரிக்க வேண்டுமானால் ஒரு வழக்கை எடுத்துத் தாள் தாளாகப் புரட்ட வேண்டும். அதற்குப் பொருத்தமான வழக்கு சேலம் வழக்கு. ஆண்டு 1692.

சேலம் என்றதும் மாம்பழம் நினைவுக்கு வரும். இது அந்தச் சேலம் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், இங்கிலாந்தின் குடியேற்றப் பகுதியாக இருந்த காலம் அது. கடலோரத்தில் சேலம் நகரம், அதை ஒட்டிச் சேலம் கிராமம். கிராமத்துக்கு இன்று டான்வர்ஸ் என்று பெயர். அங்கே நடந்த விசாரணைகளின் பதிவுகள், புகார் மனுக்கள், கைது ஆணைகள் எனப் பெருமளவு இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் யார் என்ன செய்தார் என்று பெயர் சொல்லிப் பேச முடிகிறது.

1692 ஜனவரியில் கிராமத்துப் போதகர் சாமுவேல் பாரிஸ் வீட்டில் இரண்டு சிறுமிகளுக்கு வலிப்பு போல ஏதோ வந்தது. மகள் பெட்டிக்கு வயது 9. உறவுக்காரப் பெண் அபிகேல் வில்லியம்ஸுக்கு 11. கத்தினார்கள், உடலை முறுக்கினார்கள், யாரோ கிள்ளுகிறார்கள் என்றார்கள். பார்க்க வந்த மருத்துவர் இது நோயல்ல, தீய கையின் வேலை என்றார். அதன்பிறகு பெரியவர்கள் கேட்ட கேள்வி "என்ன செய்கிறது?" என்பதல்ல, "யார் செய்கிறார்கள்?" என்பதுதான். கேள்வியே மாறிவிட்டது, பாருங்கள். "யார்" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் ஒரு குழந்தை யார் பெயரையாவது சொல்லத்தான் செய்யும்.

மூன்று பெயர்கள் வந்தன. ஒருத்தி டிடூபா, போதகர் வீட்டு அடிமைப் பெண். இன்னொருத்தி சேரா குட், வீடு வீடாகக் கையேந்தியவள். மூன்றாமவர் சேரா ஆஸ்பர்ன், நெடுநாளாக நோயில் கிடந்து தேவாலயம் பக்கமே வராதவர். அவருக்கும் ஊரின் பெரிய குடும்பமான புட்னம் வகையறாவுக்கும் சொத்துத் தகராறு வேறு. ஊரே சேர்ந்து பரிந்து பேசும் நிலையில் மூவரில் ஒருவரும் இல்லை.

இங்கேதான் நிதானிக்க வேண்டும். சேலம் கதையைச் சொல்லும் பலர், "சில சிறுமிகள் பொய் சொன்னார்கள், பத்தொன்பது பேர் தூக்கில் தொங்கினார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 9 வயதுப் பிள்ளை சொன்ன சொல்லுக்கும் தூக்குக் கயிற்றுக்கும் நடுவே எத்தனை பெரியவர்கள் நின்றார்கள் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

முதலில் நின்றவர்கள் நான்கு ஆண்கள். பிப்ரவரி 29ஆம் தேதி நீதிபதிகள் முன்னால் புகார் கொடுத்தவர்கள் இவர்கள்தாம், சிறுமிகள் அல்ல. நால்வரில் ஒருவர் தாமஸ் புட்னம். அவருடைய 12 வயது மகள் ஆனும் அதற்குள் பாதிக்கப்பட்டவர்கள் பட்டியலில் சேர்ந்திருந்தாள். அடுத்த மாதங்களில் குவிந்த வாக்குமூலங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை தாமஸ் புட்னத்தின் கையெழுத்தில் இருக்கின்றன. பிள்ளைகள் வாயால் சொன்னார்கள். அதைச் சட்டத்துக்கு ஏற்ற வாசகமாக்கித் தாளில் இறக்கியவர் அவர். ஒரு செய்தி பரவும்போது யார் சொன்னது என்று எல்லாரும் கேட்கிறார்கள். யார் எழுதியது என்று கேட்பவர் குறைவு.

அடுத்து நின்றவர்கள் விசாரித்த நீதிபதிகள். ஜான் ஹாத்தோர்ன் கேட்ட கேள்விகள் பதிவில் உள்ளன. "நீ செய்தாயா?" என்பதிலிருந்து அவர் தொடங்கவில்லை. எந்தத் தீய ஆவியோடு உனக்குப் பழக்கம், இந்தப் பிள்ளைகளை ஏன் துன்புறுத்துகிறாய் என்றுதான் தொடங்கினார். விடையை முடிவு செய்துவிட்டுக் கேட்ட கேள்விகள். சேரா குட், சேரா ஆஸ்பர்ன் இருவரும் மறுத்தார்கள். டிடூபா ஒப்புக்கொண்டாள், வேறு சூனியக்காரிகளும் இருக்கிறார்கள் என்றும் சொன்னாள். எசமானர் அடித்து அப்படிச் சொல்ல வைத்தார் என்று அவள் பின்னர் கூறியதாகப் பதிவு உண்டு. இன்னும் இருக்கிறார்கள் என்றதும் தேடல் தொடங்கியது. சேரா குட்டின் மகள், நான்கைந்து வயதுக் குழந்தை, அவளையும் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.

மே மாதம் புதிய ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் வந்து சேர்ந்தார். சிறைகள் நிரம்பியிருந்தன. அவர் ஒரு தனி நீதிமன்றம் அமைத்தார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டோட்டன். அவர் முறையாகப் படித்தது இறையியல், சட்டமல்ல. இந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. "இன்னாருடைய உருவம் இரவில் வந்து என் கழுத்தை நெரித்தது" என்று ஒருவர் சொன்னால் அது சாட்சி. குற்றம் சாட்டப்பட்டவர் அந்த நேரத்தில் தம் வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தாலும் பயனில்லை. வந்தது அவருடைய ஆவி உருவம்தானே! சொன்னவரைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. இப்படிப்பட்ட சாட்சியத்தை யாரால் மறுக்க முடியும்?

"அந்தக் காலம் அப்படி, எல்லாரும் நம்பினார்கள்" என்று ஒரு வாதம் வரும். இந்த அவையிலும் வரக்கூடும். அதற்குப் பதில் அந்தக் காலத்துத் தாள்களிலேயே இருக்கிறது. சூனியம் உண்டு என்று நம்பியவர்கள்கூட இந்தச் சாட்சியத்தை நம்பவில்லை. நீதிபதிகளில் ஒருவரான நத்தானியல் சால்டன்ஸ்டால் முதல் தூக்குத் தண்டனை நிறைவேறிய சில நாளிலேயே விலகிவிட்டார். ஜூன் 15ஆம் தேதி போதகர்கள் சேர்ந்து ஓர் அறிவுரை எழுதினார்கள். ஆவி உருவச் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டிக்காதீர்கள் என்றார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கடைசிப் பத்தியில், வழக்குகளை விரைவாகவும் உறுதியாகவும் நடத்துங்கள் என்றும் சேர்த்துவிட்டார்கள். நீதிமன்றம் எந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டது என்று சொல்லத் தேவையில்லை. எச்சரித்தோம் என்று பெயருக்கு ஒரு வரி எழுதி, கீழே அனுமதியும் எழுதிக் கொடுத்தால் அந்த எச்சரிக்கைக்கு என்ன மதிப்பு?

ரெபெக்கா நர்ஸ் வழக்கைப் பாருங்கள். 71 வயது, காது சரியாகக் கேட்காது, பக்தியில் பெயர் பெற்றவர். அவருக்காக அக்கம்பக்கத்தார் 39 பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்டால் அடுத்த பெயர் தம்முடையதாக இருக்கலாம் என்று தெரிந்திருந்தும் இட்டார்கள். ஜூரிகளும் முதலில் குற்றமற்றவர் என்றே தீர்ப்புச் சொன்னார்கள். அவையில் இருந்த பாதிக்கப்பட்ட பெண்கள் அலறினார்கள். தலைமை நீதிபதி ஸ்டோட்டன் ஜூரிகளைப் பார்த்து, இந்த அம்மா விசாரணையின்போது சொன்ன ஒரு வார்த்தையைக் கவனித்தீர்களா என்று கேட்டார். சிறையில் இருந்த இன்னொரு பெண்ணைப் பார்த்து, "அவள் எங்களில் ஒருத்தி" என்ற பொருளில் ரெபெக்கா ஏதோ சொல்லியிருந்தார். உடன் கைதி என்றுதான் சொன்னேன் என்று பின்னால் விளக்கினார். ஆனால் ஜூரிகள் அதற்கு விளக்கம் கேட்டபோது அவருக்குக் காதில் விழவில்லை, பதில் சொல்லவில்லை. ஜூரிகள் தீர்ப்பை மாற்றினார்கள். ஜூலை 19ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். கூச்சல் போட்டவர்கள் சிறு பெண்கள்தாம். ஆனால் ஒரு விடுதலையைத் தூக்காக மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டவர்களை நீதிமன்றம் தூக்கிலிடாமல் வைத்திருந்தது, மறுத்தவர்களைத் தூக்கிலிட்டது. உயிர் வேண்டுமானால் பொய் சொல்ல வேண்டும். சொன்ன பொய்யை நம்பவைக்க இன்னும் நாலு பெயரைச் சொல்ல வேண்டும். மேரி வாரன் என்ற வேலைக்காரப் பெண்ணுக்கு 20 வயது. மற்றப் பெண்கள் நடிக்கிறார்கள் என்று அவள் துணிந்து சொன்னாள். உடனே அவள் மீதே புகார் வந்தது, சிறையில் அடைத்தார்கள். சில வாரங்களில் மறுபடி குற்றம் சாட்டுபவர்கள் பக்கமே போய்ச் சேர்ந்தாள். அவளுடைய எசமானர் ஜான் பிராக்டர் இதையெல்லாம் சிறையிலிருந்தே பாஸ்டன் போதகர்களுக்குக் கடிதமாக எழுதினார். ஆகஸ்டு 19ஆம் தேதி அவரையும் தூக்கிலிட்டார்கள்.

மொத்தக் கணக்கு இது: தூக்கில் 19 பேர். வாய் திறந்து வாதாட மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற எண்பது வயதைத் தொட்ட முதியவர், மார்பில் கல் ஏற்றி நசுக்கப்பட்டு இறந்தார். சிறையில் மாண்டவர்கள் குறைந்தது 5 பேர். எரித்தார்கள் என்று சில படங்களில் காட்டுகிறார்கள். சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை.

பரவியதில் அச்சுக்கும் பங்கு உண்டு. பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் 1689இல் வெளியிட்ட நூலில், சூனியத்தால் பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட பிள்ளைகளின் அறிகுறிகளை விரிவாக எழுதியிருந்தார். சேலத்துப் பெரியவர்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. 1692 அக்டோபரில் இவருடைய தந்தை இன்கிரீஸ் மேதர், ஒரு நிரபராதி சாவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துப் பேர் தப்புவது மேல் என்று எழுதினார். மகனோ அதே காலத்தில் நீதிமன்றத்துக்கு ஆதரவாக இன்னொரு நூல் எழுதினார். ஆளுநர் மனைவியின் பெயரும் அடிபடத் தொடங்கியிருந்தது. அம்மாத இறுதியில் ஃபிப்ஸ் நீதிமன்றத்தைக் கலைத்தார். ஜனவரியில் ஆவி உருவச் சாட்சியத்தை ஏற்காத புதிய நீதிமன்றம் அமர்ந்தபோது ஏறக்குறைய எல்லாரும் விடுதலையானார்கள். ஒரே ஊர், அதே சாட்சிகள், அதே பயம். மேலிருந்து ஒரு விதியை மாற்றியதும் வழக்குகள் உதிர்ந்துவிட்டன. அந்த விதியை ஜூன் மாதமே மாற்றியிருக்க முடியாதா?

சரி, பழியை யார் ஏற்றார்கள்? 1697 ஜனவரி 14ஆம் நாளை மாசசூசெட்ஸ் நோன்பு நாளாக அறிவித்தது. நீதிபதி சாமுவேல் சூவல் பாஸ்டன் தேவாலயத்தில் எழுந்து நின்றார். பழியையும் அவமானத்தையும் தாமே ஏற்பதாக அவர் எழுதிக் கொடுத்ததைப் போதகர் எல்லார் முன்னிலையிலும் படித்தார். ஜூரிகள் 12 பேர் கையெழுத்திட்டு மன்னிப்புக் கேட்டார்கள். 1706இல் ஆன் புட்னம் எழுந்து நின்றாள். அப்போது பெற்றோர் இருவரும் இறந்து ஏழு ஆண்டாகியிருந்தது. தம்பி தங்கைகளை அவள்தான் வளர்த்துக்கொண்டிருந்தாள். நிரபராதிகள் மீது பழி சொல்லத் தான் கருவியாக இருந்ததாக அவள் மன்னிப்பு வாசகம் சொன்னது. கருவி என்ற சொல்லைச் சிலர் சாக்கு என்பார்கள். அந்தக் கருவியைக் கையில் பிடித்தவர் ஒரு வரிகூடச் சொல்லாமலே இறந்துவிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அது சாக்காகத் தெரியாது.

தலைமை நீதிபதி ஸ்டோட்டன் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. பிற்பாடு பொறுப்பு ஆளுநராகவே இருந்து 1701இல் காலமானார். அவர் பெயரால் ஸ்டோட்டன் என்ற ஊர் மாசசூசெட்ஸில் இன்றும் இருக்கிறது. 1711இல் அரசாங்கம் 22 பேர் மீதான தண்டனையை நீக்கிச் சட்டம் இயற்றியது. குடும்பங்களுக்கு 578 பவுன் 12 ஷில்லிங் இழப்பீடு தந்தது. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு: அப்போது கடமையைச் செய்த ஷெரிப், காவலர், சிறை அதிகாரி எவர் மீதும் வழக்குப் போட முடியாது. நியாயம் வழங்கிய அதே தாளில் பொறுப்பையும் கழற்றிவிட்டார்கள்.

அந்த 22 பேரில் எலிசபெத் ஜான்சன் என்ற இளைய பெண் இல்லை. 1693 ஜனவரியில் புதிய நீதிமன்றத்திலும் தண்டனை பெற்ற மூவரில் ஒருத்தி அவள், வயது 22. தூக்குக்கு ஸ்டோட்டன் நாள் குறித்தார். ஆளுநர் தடுத்தார். கோபத்தில் ஸ்டோட்டன் நீதிமன்றத்தை விட்டு எழுந்து போனார். உயிர் தப்பிய எலிசபெத், தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி 1712இல் மனுக் கொடுத்தாள். சேர்க்கவில்லை. 1957இலும் 2001இலும் விடுபட்டவர்களுக்காகத் தீர்மானமும் சட்டமும் வந்தன, அவற்றிலும் அவள் பெயர் இல்லை. மாசசூசெட்ஸில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியையோடு சேர்ந்து பழைய தாள்களைப் படித்து, சட்டமன்றத்தைத் தட்டிக்கொண்டே இருந்து, 2022இல் அவள் பெயரை மீட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய ஆன் புட்னம் வயதுதான்.