ஹாலே நகரமும் நம்மூர் வாத்தியாரும்



ஜெர்மனியில் ஹாலே என்று ஓர் ஊர். சாலே ஆற்றங்கரையில், உப்புக் காய்ச்சிப் பிழைத்த ஊர். இன்றைக்கு ஜனத்தொகை ஏறக்குறைய 2,40,000. நம் தஞ்சாவூர் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இசைமேதை ஹேண்டல் 1685-இல் பிறந்தது அங்கேதான். 1694-இல் பல்கலைக்கழகம் வந்தது. 1754-இல் டோரோதியா எர்க்ஸ்லேபன் என்ற அம்மையார் அங்கே மருத்துவ முனைவர் பட்டம் வாங்கினார். ஜெர்மனியிலேயே அந்தப் பட்டம் வாங்கிய முதல் பெண்! தாய்மார்கள் தட்டுகிறீர்கள், நன்றாகத் தட்டுங்கள், அந்த அம்மாவுக்குக் கேட்கட்டும்!

இன்னொரு கதை சொல்கிறேன். 1695. ஃபிராங்கே என்ற பாதிரியார் ஏழைகளுக்காக வீட்டில் ஓர் உண்டியல் வைத்திருந்தார். ஒருநாள் அதில் நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் விழுந்தன. அவ்வளவுதான் காசு! அதை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். மூன்றே வருஷத்தில் அநாதை இல்லத்துக்கு அஸ்திவாரம். அவர் கண்ணை மூடும்போது ஆயிரம், இரண்டாயிரம் என்று பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அச்சகம், மருந்துக்கடை, நூலகம், அருங்காட்சி அறை, எல்லாம் அந்த உண்டியல் காசின் வம்சம்! நம் பொறையாற்று நூலகத்துக்குக் கூரை போட நிதி இல்லை என்கிறவர்கள் இதைக் காதில் வாங்க வேண்டும்.

அந்த ஹாலேயில் படித்த பையன்தான் சீகன்பால்கு. 1706 ஜூலையில், மதம் பரப்பத் தரங்கம்பாடியில் இறங்கினான். வயது இருபத்துநான்குகூட நிறையவில்லை. யாரிடம் தமிழ் படித்தான்? ஒரு வயதான திண்ணைப்பள்ளி வாத்தியாரிடம். பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, மணலில் விரல் வைத்து, அ, ஆ எழுதினான். ஐயா, அந்த வாத்தியாருக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்! அவருக்கு ஐரோப்பிய மொழி ஒன்றும் தெரியாது. தமிழ் தெரியும், அது போதும்!

சில மேடைகளில் சிலர் முழங்குகிறார்கள், கப்பலில் வந்தவன்தான் நமக்கு எழுத்தறிவு கொடுத்தான் என்று. அவர்கள் பெயரைச் சொல்லி இந்த மேடையை நான் அழுக்காக்க மாட்டேன். கேட்கிறேன்: வந்தவன் மணலில் எழுதினானா, எழுதிக் காட்டினானா? கையைப் பிடித்து எழுத வைத்தது யார்? வாத்தியார்! நம் வாத்தியார்!

இனி அச்செழுத்துக்கு வருகிறேன். தமிழில் அச்சு அதற்கு முன்பே உண்டு. 1578-இல் கொல்லத்திலேயே புத்தகம் போட்டார்கள். ஆனால் தரங்கம்பாடியில் அச்சகம் வைக்க எழுத்து வேண்டுமே? இங்கிருந்து போன மாதிரிகளைப் பார்த்து ஹாலேயில் செதுக்கினார்கள். தமிழில் ஒரு வார்த்தை பேசத் தெரியாத கம்மாளர்கள், நம் சுழியையும் கொம்பையும் உலோகத்தில் கொண்டுவந்தார்கள். வந்து இறங்கிய எழுத்தோ பெரிசு. காகிதம் கட்டுப்படியாகவில்லை. பாலாடைக்கட்டி டப்பாக்களில் இருந்த ஈயத்தை உருக்கி, சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். ஆமாம், இந்த மண்ணில்! 1716-இல் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் லத்தீனில் அச்சானது அந்த ஹாலேயில். அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது கூடவே கப்பலேறிப் போன மலையப்பன் நம் ஆள்.

ஹாலேமேல் எனக்குக் கோபமும் உண்டு, மறைக்க மாட்டேன். 1713-இல் நம் தெய்வங்களைப் பற்றி, நம் ஜனங்களிடமே கேட்டுக் கேட்டு ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார் சீகன்பால்கு. அச்சிடவில்லை! அஞ்ஞானத்தை அழிக்கப் போனவன் அதை இங்கே பரப்புவதா என்று ஒதுக்கிவிட்டார்கள். 150 வருஷத்துக்கு மேல் தூங்கிய நூல், 1867-இல் சென்னையில் அச்சேறியது. அந்த நூலுக்குள் இருப்பது யார் குரல்? வாத்தியார் குரல், அவரைப் போன்ற எத்தனையோ பேர் குரல்!

ஆனால் ஹாலேக்காரர்கள் அந்த நூலைத் தூக்கி எறியவில்லை. நாம் என்ன செய்தோம்? ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டோம். உ.வே.சா. ஐயா கதறிக் கதறி எழுதினாரே!

அவர்களுக்கும் கெட்ட காலம் வந்தது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் ஃபிராங்கே கட்டடங்கள் பாழடைந்தன, பக்கத்திலேயே மேம்பாலம் போட்டார்கள். 1964-இலிருந்து இரசாயனத் தொழிலாளர்களுக்காக ஹாலே-நாய்ஸ்டாட் என்று ஒரு புது நகரத்தையே எழுப்பினார்கள். 1990-க்குப் பிறகு வேலை போனது, ஜனம் கூட்டம் கூட்டமாக வெளியேறியது. அந்தக் கஷ்டத்திலும் பால் ராபே என்ற நூலகர், ஓய்வெடுக்க வேண்டிய வயதில், இடிந்த கூரைகளைத் தூக்கி நிறுத்த வைத்தார். இங்கிருந்து ஹாலேக்குப் போன நம் ஓலைகள் இன்றும் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

தலைவர் அவர்களே, தீர்மானம் ஒன்று போடுங்கள். அந்த ஓலைகளின் படிகள் நம் கிளை நூலகத்துக்கு வர வேண்டும். கடிதத்தை இன்றே எழுதுவோம், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்குச் சிலை இருக்கிறது, இருக்கட்டும். பக்கத்தில் வாத்தியாருக்கும் ஒரு சிலை! சம்மதம் என்றால் கையைத் தூக்குங்கள்!