பழைய மடிக்கணினிக்குப் புதுவாழ்வு
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



அண்ணல் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவிய காலத்தில் நூலும் வகுப்பறையுமே கல்விக்குக் கருவிகளாய் இருந்தன. இன்றோ கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, தேர்வாணைய விண்ணப்பம் ஆகியவை கணினி வழியே நடைபெறுகின்றன. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் நம் இல்லங்களுக்கும் அக்கருவி வந்து சேர்ந்தது. ஆயினும் சில ஆண்டுகளில் ‘வேகம் போய்விட்டது’ என்று அதனைப் பரணில் ஏற்றிவிட்டு, வட்டிக்குக் கடன்பட்டுப் புதியது வாங்குவோர் நம்மில் உண்டு. அக்கடன் தேவைதானா?

கணினியின் சேமிப்புத் தட்டு புத்தக அலமாரி போன்றது. ராம் எனப்படும் நினைவகம் படிக்கும் மேசை போன்றது. மேசை சிறிதாயின், ஒவ்வொரு நூலுக்கும் அலமாரிக்கு நடக்க வேண்டும். 2 அல்லது 4 ஜிபி நினைவகமுள்ள பழைய கணினி திணறுவது பெரும்பாலும் இதனாலேயே. 8 ஜிபியாக உயர்த்தினால் படிப்பிற்கும் விண்ணப்பத்திற்கும் அது மீண்டும் பயன்படும்.

செலவு செய்யுமுன் சோதித்தறிதல் வேண்டும். வழக்கமான வேலையின்போது ‘டாஸ்க் மேனேஜர்’ பகுதியைத் திறந்து பாருங்கள். நினைவகம் 90 விழுக்காட்டைத் தொட்டு நின்றால் குறை அங்கேதான். நினைவகத்தில் இடமிருந்தும் தட்டு ஓயாது உழன்றால், மாற்ற வேண்டியது தட்டையே. எஸ்எஸ்டி பொருத்துவதே வழி.

அடுத்து, பொருத்தம் அறிக. டிடிஆர்3, டிடிஆர்4 வகைகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையா. டிடிஆர்3 1.5 வோல்ட்டிலும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டிலும் இயங்குவன. எது ஏற்றதென்று பார்த்தே வாங்குக. சில கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். கூடுதல் துளையும் இல்லையெனில் உயர்த்த இயலாது. விண்டோஸ் 32 பிட் வகையாயின் 4 ஜிபிக்கு மேல் பொருத்தியும் பயனில்லை. 64 பிட் வகை தேவை.

பொருத்தும்போது மின்னிணைப்பையும் மின்கலத்தையும் நீக்குக. உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிய பின், வில்லையைச் சாய்வாகச் செருகி, பக்கக் கொக்கிகள் பற்றும்வரை மெல்ல அழுத்துக.

நினைவகம் எல்லாக் குறையையும் தீர்த்துவிடாது. விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. புதிய பதிப்பை ஏற்காத கணினியில் கட்டணமில்லா லினக்ஸை நிறுவலாம்.

இளைஞர்களே! பழுதான கணினிகளைப் படிப்பகத்திற்குக் கொணருங்கள். ஒன்றிலிருந்து கழற்றிய நல்ல வில்லை, பொருத்தமான மற்றொன்றை வாழவைக்கும். ஊருக்கு இருவர் இத்தொழிலைக் கற்றுப் பிறருக்கும் கற்பித்தால், கடன்படாமலே நம் பிள்ளைகளின் படிப்பு தொடரும். அப்பணியை இவ்வாண்டிலேயே தொடங்குவோம்.