பத்துக்குப் பத்து: ருமேனியாவின் ஐந்தொகை



கணக்காளனுக்கு ஜிம்னாஸ்ரிக்ஸில் என்ன வேலை என்று கேட்பீர்கள். புள்ளி போடுகிற இடத்தில் எங்களுக்கும் ஒரு கண் இருக்கும்தானே.

1976 யூலை 18, மொன்றியல் ஒலிம்பிக். எங்கள் சனம் கனடாவுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் இருந்த காலம். ருமேனியாவின் ஒனெஸ்தி என்ற சிறு நகரத்தைச் சேர்ந்த நாடியா கொமனேச்சி என்ற 14 வயதுப் பெண், உயரம் வேறுபட்ட இரண்டு சட்டங்களில் தன் பயிற்சியைச் செய்து முடித்தார். புள்ளிப் பலகையில் 1.00 என்று விழுந்தது. பத்துப் புள்ளி எவருக்கும் கிடைக்காது என்று நம்பியதால், 10.00 என்று காட்டப் பலகையில் இடமே வைக்கவில்லை! அந்த ஒலிம்பிக்கில் அவர் ஏழு தடவை பத்து எடுத்தார்.

1976 முதல் 2012 வரை நடந்த பத்து ஒலிம்பிக்கிலும் ருமேனியப் பெண்கள் அணி ஒருமுறைகூட வெறுங்கையோடு திரும்பவில்லை. 1984, 2000, 2004இல் தங்கம். 1994இலிருந்து 2001 வரை உலகப் போட்டிகளின் அணித் தங்கத்தைத் தொடர்ந்து ஐந்து தடவை வென்றது. அன்று இரண்டு கோடி சொச்சம் மக்களிருந்த, வசதி குறைந்த நாடு. தேவா போன்ற ஊர்களில் சின்ன வயதிலேயே பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, விடுதியில் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 1989இல் ஆட்சி கவிழ்ந்த பிறகும் ஒக்டேவியன் பெல்லு, மரியானா பித்தாங் போன்ற பயிற்றுநர்கள் அந்த முறையை இழுத்துப் பிடித்து நடத்தினார்கள்.

இது வரவுப் பக்கம். மற்றப் பக்கத்தையும் புரட்டுவோம்.

டானியேலா சிலிவாஸ் 1985 உலகப் போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு உண்மையில் 13 வயதுதான். அதிகாரிகள் கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிவிட்டதாகப் பல ஆண்டுகளின் பின் அவரே சொன்னார். 2000 சிட்னியில் அந்திரேயா ராடுகான் தனிநபர் தங்கம் வென்றார். தடிமனுக்கென்று அணி வைத்தியர் கொடுத்த குளிசையில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தது. குளிசை கொடுத்தவர் பெரிய மனிதர், பதக்கத்தைப் பறிகொடுத்தது 16 வயதுப் பிள்ளை. தங்கம் அடுத்த இடத்திலிருந்த சிமோனா அமனாருக்குப் போனது. அமனாரோ, அது ராடுகானுக்கே உரியது என்றார்.

நாடியாவின் கதை எங்களுக்கு இன்னும் கிட்ட. அவரைப் பயிற்றிய கரோலி தம்பதியர் 1981இல் அமெரிக்காவிலேயே தங்கிவிட, அரசு நாடியாவின் வெளிநாட்டுப் பயணங்களை இறுக்கியது. 1989 நவம்பரில் ஓர் இரவு, சிறு குழுவொன்றோடு நடந்து எல்லை கடந்து ஹங்கேரிக்குப் போய், அங்கிருந்து ஒஸ்திரியா, பிறகு அமெரிக்கா. சில வாரங்களிலேயே சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தது. ஒலிம்பிக் தங்கம் ஐந்து வைத்திருந்தவரும், இரவில் எல்லை கடந்தபோது எங்களைப் போல ஓர் அகதிதான். இதை எந்தப் பதக்கப் பட்டியலிலும் நீங்கள் காணமாட்டீர்கள்.

இன்னொரு சங்கதி. 2006இலிருந்து சர்வதேசப் போட்டிகளில் பத்துப் புள்ளி முறையே இல்லை. பயிற்சியின் கடினத்துக்கு ஒரு புள்ளி, செய்த விதத்துக்கு ஒரு புள்ளி, இரண்டையும் கூட்டுகிறார்கள். பழைய பலகை எங்கள் வீடுகளில் மட்டும் இன்னும் தொங்குகிறது போல. 98 எடுத்த பிள்ளையிடம் மிச்சம் இரண்டு எங்கே என்று கேட்கிற அப்பாமார் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். வருமானவரிக் காலத்தில் என் மேசைக்கு முன்னால் இருந்தே அப்படிக் கேட்டவர்கள் உண்டு. பக்கத்துக் கதிரையில் அந்தப் பிள்ளையின் முகத்தையும் பார்த்திருக்கிறேன்.

ருமேனியாவின் அந்தத் தொடர் 2016இல் அறுந்தது. அணி தகுதியே பெறவில்லை. கத்தலினா பொனோர் மட்டும் தனியாக றியோவுக்குப் போனார். 2020க்குரிய ஒலிம்பிக்கிலும் அணி இல்லை. 2024 பாரிஸில் மறுபடி ஓர் அணி வந்தது, இறுதிச் சுற்றில் ஏழாம் இடம். ஐந்தாவதாக வந்தது எங்கள் கனடா.