மலை ஏறும் காலுக்கும் நடை வேண்டும்

(தோட்டத் தலைவர்கள், தலைவிமார், மாதர் கமிட்டி அங்கத்தவர்கள் கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளம், கிலோ, வீடு, காணி என்றுதான் நாம் பேசுவது வழக்கம். இன்றைக்குச் சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம். இது ஆஸ்பத்திரி விஷயமாயிற்றே, சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். சங்கத்துக்கு இதில் நிறைய வேலை இருக்கிறது. அது பேசப் பேசத் தெரியும்.

கிளினிக்குக்குப் போய் வருகிற எல்லோருக்கும் கிடைக்கும் புத்திமதி ஒன்று இருக்கிறது: "உடற்பயிற்சி செய்யுங்கள், நடங்கள்." அதைக் கேட்டுவிட்டு வந்து நம் அக்காமார் சிரிக்கிறார்கள். "விடிஞ்சா மலை ஏறுறோம், பொழுது சாய இறங்குறோம். இருபது கிலோவைச் சுமந்துகிட்டு மடுவத்துக்கு நடக்குறோம். இதுக்கு மேல என்ன நடை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டியது நமது கடமை.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுவோம். மலையில் நாம் செய்கிற வேலையும் உடல் உழைப்புத்தான். அது கணக்கில் சேரும். உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில், பெரியவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடல் உழைப்புச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் அதே அளவுதான். தொழிலில் செய்வது, வீட்டில் செய்வது, நடந்து போய் வருவது எல்லாமே அதில் அடங்கும். ஆகவே கொழுந்து பறிக்கிற பெண்ணைப் பார்த்து "நீ சோம்பேறி, அதனால்தான் சீனி வந்தது" என்று எவரும் சொல்ல முடியாது. சொன்னால் கேட்டுக்கொண்டு இருக்கவும் கூடாது.

அப்படியானால் மலையில் உழைத்தவர்களுக்கும் ஏன் வருகிறது? இந்த வருத்தம் ஒரே காரணத்தால் வருவதில்லை. தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரக்கூடும். வயது ஏற ஏற வரக்கூடும். கர்ப்ப காலத்தில் சீனி கூடியிருந்த தாய்மாருக்குப் பிற்காலத்தில் வரும் வாய்ப்பு அதிகம். காலையில் ரொட்டி, பகலில் ரொட்டி, இடையில் மூன்று கரண்டி சீனி போட்ட சாயத் தண்ணி, இரவு எட்டரைக்கு வயிறு நிறையச் சோறு, உடனே படுக்கை என்று நமது சாப்பாடு போகிறது. கோதுமை மாவும் சீனியும்தான் நம் கைக்காசுக்கு எட்டுகின்றன என்பதும் உண்மை.

இன்னொன்று, தோட்டத்தில் எல்லோரும் மலை ஏறுகிறவர்கள் அல்ல. ஸ்டோரில் ஒரே இடத்தில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். காவல் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கிழமைக்கு மூன்று நாள்தான் பேர் கிடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் கடையில் நிற்கிற நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். முக்கியமாக, பேர் வெட்டி வீட்டில் இருக்கும் நம் பெரியவர்களைப் பாருங்கள். நாற்பது வருடம் மலை ஏறிய கால், ஒரு நாளில் நின்றுவிடுகிறது. சாப்பாடு மட்டும் மலைக்குப் போன காலத்துச் சாப்பாடாகவே இருக்கிறது. இஸ்தோப்பில் உட்கார்ந்த இடத்திலேயே பொழுது போகிறது. சீனி ஏறுவதற்கு இதைவிடத் தோதான நிலைமை இல்லை.

உடல் அசைந்தால் சீனி ஏன் குறைகிறது? சாப்பிட்ட சாப்பாடு சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் அந்தச் சீனியைத் தசைக்குள் அனுப்புகிறது. நமக்குப் பெரும்பாலும் வருகிற இரண்டாம் வகை நீரிழிவில், இன்சுலின் சொல்வதைத் தசை சரியாகக் கேட்பதில்லை. சீனி இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும் தசை இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. தானாகவே சீனியை இழுத்துக்கொள்கிறது. வேலை நின்ற பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை இன்சுலினின் சொல் அதற்கு நன்றாகக் கேட்கிறது. அதனால்தான் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து சும்மா இருக்கக் கூடாது என்கிறார்கள்.

இதிலிருந்து நாம் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறோம்.

சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்போம். சாப்பாட்டுக்குப் பின் ஏறுகிற சீனியை அந்த நடை குறைக்கும். மலையில் வேலை செய்தவர்களுக்கும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இது உதவும். தூரம் போக வேண்டியதில்லை. லயத்து வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தால் போதும். வேலைக்குப் போகாதவர்கள் அரை மணி நேரம், கிழமைக்கு ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் நிறைந்துவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

மழைக்காலத்தில் காம்பராவுக்குள்ளேயே கதிரையில் உட்கார்ந்து எழும்புவோம், பத்துத் தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவோம். தண்ணீர் நிரப்பிய போத்தலைத் தூக்கி இறக்குவோம். கிழமைக்கு இரண்டு நாளாவது இப்படிச் செய்தால் தசைக்குப் பலம் வரும். பெரியவர்கள் வழுக்கி விழுவதும் குறையும். நடக்கும்போது நெஞ்சு வலித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே நிறுத்த வேண்டும். இருதய வருத்தமோ கண்ணில் பாதிப்போ உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே புதிதாக எதையும் தொடங்க வேண்டும்.

இனி மலையில் நடக்கிற ஆபத்தைப் பற்றி. நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஓர் அக்கா காலை ஆறு மணிக்குக் குளிசையைப் போட்டுக்கொண்டு, சாயத் தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடினார். சாப்பிட நேரமில்லை. பத்தரை மணிக்குக் கொழுந்து மலையில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, என்னென்னவோ பேசத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் காத்துக் கறுப்பு என்று பயந்தார்கள். ஒருத்தி மட்டும் தன் தாய்க்கு இப்படி வந்ததைப் பார்த்திருந்ததால், பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த டொபியை வாயில் கொடுத்தாள். அக்கா தேறிவிட்டார். ஆனால் அன்றைக்கு அவருக்கு விழுந்தது அரைப்பேர்.

இதற்குச் சீனி இறங்குதல் என்று பெயர். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும், சாப்பிடாமல் உழைத்தால் இது வரும். மெட்போர்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு வருவது அரிது. ஆகவே நாம் என்ன குளிசை எடுக்கிறோம் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். நடுக்கம், வேர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, கண் மங்கல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை அடையாளங்கள். உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தேறாவிட்டால் இன்னொரு தடவை கொடுங்கள். தேறியதும் சாப்பாடு கொடுங்கள். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; மூச்சுக்குழாயில் போய்விடும். 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

மலைக்குப் போகும்போது ஒரு சின்னப் பையில் சீனி முடிந்து படங்கோடு வைத்துக்கொள்ளுங்கள். வருத்தத்தைப் பக்கத்து நிரையில் நிற்பவளிடம் சொல்லி வையுங்கள். குளிசை எடுப்பவர் இரவில் வெறும் வயிற்றில் சாராயம் குடித்தாலும் சீனி இறங்கும். இதை அண்ணன்மாரும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கால். சீனி பல காலம் கூடியிருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறையும். அட்டை கடித்ததும், கவ்வாத்துக் குச்சி குத்தியதும், ஈரச் சப்பாத்து உரசியதும் தெரியாது. சின்னப் புண் பெரிதாகிக் காலையே எடுக்க வேண்டிய நிலை வரும். ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண் தெரியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். பள்ளிக்கூடத்தில் இதையும் ஒரு வீட்டுப் பாடமாகவே நாங்கள் கொடுக்கப் போகிறோம்.

உடம்பைப் போலவே மனசும் முக்கியம். வருத்தம் என்று தெரிந்தால் பேர் கொடுக்கமாட்டார்கள் என்று பயந்து மறைக்கிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கிளினிக் கொப்பியைப் பெட்டிக்கடியில் வைத்திருக்கிறார்கள். மறைத்து மறைத்து மனம் சோர்ந்துபோகிறது, தூக்கம் கெடுகிறது. நாலு பேர் சேர்ந்து நடந்தால் நடையோடு பேச்சும் வரும். "எனக்கும் இருக்கு" என்று ஒருத்தி சொன்னால் மற்றவளுக்குப் பாரம் இறங்கும். நடக்கிறவர்களுக்கு நல்ல தூக்கமும் வருகிறது. "வேலையில்லாம வீதி அளக்குதுகள்" என்று யாராவது சொன்னால், அவரையும் கூட்டிக்கொண்டு நடப்போம்.

அரச ஆஸ்பத்திரிகளின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இலவசமாகச் சோதித்துப் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால், இன்னொரு தடவை சோதித்து உறுதிப்படுத்துவார்கள். போகாதவர்கள் போய்வர வேண்டும்.

இங்கேதான் சங்கத்தின் வேலை வருகிறது. போகச் சொல்வது எளிது. கிளினிக் நாளில் போனால் ஒரு நாள் பேர் போகும். பேர் போகும் என்று கிளினிக்கை விட்டால் கால் போகும், கண் போகும். இந்த இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும்படி தொழிலாளியை விடுவது நியாயம் அல்ல. ஆகவே கீழ்க்கண்ட கோரிக்கைகளைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று முன்வைக்கிறோம்.

ஒன்று: கிளினிக் கொப்பியைக் காட்டினால் அந்த நாளுக்கு முழுப்பேர்.

இரண்டு: பெரட்டுக்குப் பிறகு, காலையில் சாப்பிட ஒரு குறித்த நேரம், சீனி இறங்கிக் குந்தியவருக்கு அரைப்பேர் போடக் கூடாது.

மூன்று: மலையில் குடிதண்ணீரும் மலசலகூடமும். கூடம் இல்லை என்பதற்காகத் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்யும் நிலை நிற்க வேண்டும்.

நான்கு: காலுக்குப் பொருத்தமான சப்பாத்து.

ஐந்து: கங்காணிமாருக்கு முதலுதவிப் பயிற்சி, ஒவ்வொரு மலையிலும் முதலுதவிப் பெட்டி, அதில் சீனி.

ஆறு: தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் பெண்களுக்கும் பெரியவர்களுக்கும் மாலையில் ஒரு மணி நேரம். இதை நிர்வாகத்திடம் கேட்க முன்பு நம் இளைஞர்களிடமே கேட்கிறோம். கிரிக்கெட்டை ஒரு மணி நேரம் பிந்தித் தொடங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

தலைவிமார் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் லயத்தில் கிளினிக்குக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், கடந்த மாதம் அதற்காகப் பேர் இழந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கு எடுத்து வாருங்கள். யாருடைய பெயரும் எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும். அந்தக் கணக்கோடு நிர்வாகத்தின் முன் போய் உட்காருவோம். அதுவரைக்கும் நாளை மாலை ஐந்தரை மணிக்குக் கோவில் முன்னால் கூடுவோம். கோவிலிலிருந்து ஸ்டோர் வரைக்கும் நடப்போம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். செருப்புப் போட்டு வாருங்கள்.