தொகைநிலையும் தொடர்நிலையும்: ஈகிள்ஸ் குழுவின் பத்துப் பாடல்கள்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுட் சிலருக்கு வியப்பளிக்கலாம். கல்லூரியிலே தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியர், அமெரிக்க ரொக் இசைத்தட்டு ஒன்றைப் பற்றி இலக்கிய வரிசையிலே பேசுவதா என்று கேட்பீர்கள். நான் பேச வந்தது இசை நுணுக்கம் பற்றியன்று. 'தொகுத்தல்' என்னும் செயலைப் பற்றியே. பலர் பாடிய பாடல்களைத் தொகை நூல்களின் வாயிலாகவே பெற்றுக்கொண்ட நமக்கு அது அந்நியமான பொருளன்று.

ஈகிள்ஸ் என்னும் குழு 1971ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே தோன்றியது. கிளென் ஃப்ரே, டொன் ஹென்லி, பேர்ணி லெடன், ரண்டி மைஸ்னர் ஆகிய நால்வர் தொடங்கிய இக்குழுவில், 1974இல் டொன் ஃபெல்டர் ஐந்தாமவராகச் சேர்ந்தார். அமெரிக்கக் கிராமியப் பாடலின் எளிமையையும் ரொக் இசையின் வேகத்தையும் இணைத்து, 1972 முதல் 1975 வரை நான்கு இசைத்தட்டுக்களை இவர்கள் வெளியிட்டனர். அவற்றிலிருந்து பத்துப் பாடல்களைப் பொறுக்கியெடுத்து, 1976 பெப்ரவரியில் அசைலம் நிறுவனம் 'தெயர் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1971–1975' என்ற தொகுப்பை வெளியிட்டது.

இதன் வரவேற்பு சாதாரணமானதன்று. பத்து இலட்சம் பிரதிகளுக்கான 'பிளாட்டினம்' விருதினை அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழிற்றுறைச் சங்கம் அறிமுகஞ் செய்த அந்த ஆண்டிலேயே, அதனை முதன்முதற் பெற்ற இசைத்தட்டு இதுதான். 2017இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பேணிக்காக்கத் தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதனைச் சேர்த்தது. 2018 ஓகஸ்டில், விற்பனையும் இணையவழிக் கேட்பும் சேர்த்து 380 இலட்சம் என்று கணிக்கப்பட்டபோது, மைக்கேல் ஜக்சனின் 'த்ரில்லர்' தொகுதியையே இது முந்திற்று.

ஆயினும் பாடியவர்கள் இதனைக் கண்டு மகிழவில்லை என்பதுதான் நாம் சிந்திக்கவேண்டிய செய்தி. நிறுவனம் தன் வியாபாரத்துக்காகவே இதனை வெளியிட்டது என்றும், 'டெஸ்பராடோ', 'டெக்கீலா சன்ரைஸ்' ஆகிய பாடல்கள் தமக்குரிய சூழலிலிருந்து பிடுங்கப்பட்டன என்றும் டொன் ஹென்லி குறைப்பட்டுக்கொண்டார். இந்த மனக்குறை நியாயமானதா?

நமது தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக வகுக்கின்றது. தனித்து நின்று பொருள் முடிவது முத்தகம். கதை தழுவி ஒன்றையொன்று பற்றிச் செல்வது தொடர்நிலை. தொகைநிலையோ பொருள், இடம், காலம், தொழில், பாட்டு, அளவு என்ற ஆறில் ஒன்று பற்றித் தொகுக்கப்படுவது. ஈகிள்ஸ் குழுவின் 1973ஆம் ஆண்டு இசைத்தட்டான 'டெஸ்பராடோ' ஒரு தொடர்நிலைச் செய்யுள் எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மேற்குப் புறத்திலே திரிந்த டூலின், டால்ற்றன் என்னும் கொள்ளைக் கூட்டத்தாரின் கதையை அது பற்றி நிற்கிறது. ஊருக்கு ஒவ்வாது அலையும் கொள்ளையனில், ஊர் ஊராய்த் திரியும் ரொக் பாடகன் தன்னையே காண்கிறான். பின்னட்டைப் படத்திலே குழுவினர் கொள்ளையர் வேடத்தில் பிணங்களாகக் கிடக்கின்றனர்.

அந்தத் தட்டின் முதற் பக்கத்தில் 'டெக்கீலா சன்ரைஸ்' முடிந்தவுடன் 'டெஸ்பராடோ' தொடங்குகிறது. காதலில் தோற்ற ஒருவனின் விடியற்காலச் சோர்வு முதலில். அன்பை ஏற்க மறுத்துத் தனிமையையே பெருமையாகக் கொண்டவனுக்குச் சொல்லும் புத்திமதி அடுத்தது. முன்னது நோய், பின்னது மருந்து. இரண்டாம் பக்கத்தின் இறுதியிலே 'டெஸ்பராடோ'வின் மெட்டு மீண்டும் வருகிறது. அப்போதோ கதை முடிந்துவிட்டது. புத்திமதியைக் கேட்க வேண்டியவன் இல்லை.

இப்பொழுது தொகுப்பைப் பாருங்கள். 'டெஸ்பராடோ' இங்கும் முதற் பக்கத்தின் ஐந்தாவது பாடலாக, இறுதியிலேயே நிற்கிறது. ஆனால் 'டெக்கீலா சன்ரைஸ்' மறுபக்கத்துக்குப் போய்விட்டது. கதையைக் கட்டி நிற்கும் 'டூலின் டால்ற்றன்' பாடல் இல்லை. இறுதியில் திரும்பி வரும் மெட்டும் இல்லை. ஆகவே இங்கே அந்த மனிதன் இறக்கவில்லை. அவனுக்குச் சொல்லப்படும் அறிவுரை காலங்கடந்ததாக ஒலிக்கவில்லை. தொடர்நிலையிலே இரங்கற் குரலாக நின்றது, தொகைநிலையிலே நம்பிக்கைக் குரலாக மாறிவிடுகிறது. சொல் ஒன்றுதான், நின்ற இடம் வேறானமையால் பொருளும் வேறாயிற்று.

இவ்வகையில் ஹென்லியின் குறை நியாயமானதே. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. 'டெஸ்பராடோ' இசைத்தட்டு வெளிவந்த காலத்தில் அமெரிக்க விற்பனைப் பட்டியலிலே 41ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அப்பாடலை ஈகிள்ஸ் குழு தனித்தட்டாக வெளியிட்டதுமில்லை. லின்டா ரொன்ஸ்ரட் அதே ஆண்டில் அதனைப் பாடிப் பலரறியச் செய்தார். தண்டியாசிரியர் கூறிய ஆறுக்கும் அப்பால், 'விற்பனை' என்ற ஏழாவது விதியால் தொகுக்கப்பட்ட நூல் இது. அந்த விதிக்கு அடங்காத ஒரே பாடல் இதுதான். தொகுத்தவர்கள் வணிகர்களாகவே இருக்கட்டும். தனித்து நிற்கவல்ல முத்தகம் எது என்பதை அவர்களது செவி அறிந்திருந்தது. இந்தத் தொகுப்பு இல்லையேல் அப்பாடலைக் கேளாதே போயிருக்கக்கூடியவர் பலர்.

விடுபட்டவற்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பத்தில் ஐந்து பாடல்களைக் கிளென் ஃப்ரேயும், நான்கை ஹென்லியும், 'டேக் இட் டு த லிமிற்' என்ற ஒன்றை மைஸ்னரும் முன்னின்று பாடுகின்றனர். முதற் பாடலான 'டேக் இட் ஈஸி'யில் பான்ஜோ வாத்தியத்தை மீட்டிக் குழுவுக்குக் கிராமிய மணம் தந்த பேர்ணி லெடனின் குரல் முதன்மைக் குரலாக ஒரு பாடலிலேனும் இல்லை. தொகுப்பு வருவதற்குச் சற்று முன்னர், 1975இன் இறுதியிலே, அவர் குழுவைவிட்டு விலகியிருந்தார். பெருமளவு விற்கும் நூலிலே இடம்பெறாத புலவனை உலகம் மறப்பது எளிது. குழுவின் பெயரைக் கேட்டவுடன் பலரும் நினைக்கும் 'ஹொட்டேல் கலிபோர்னியா'வும் இதில் இல்லை. அது 1976 டிசம்பரில்தான் வெளிவந்தது. 'மிகச் சிறந்தவை' என்ற தலைப்பு, மிகப் புகழ்பெற்றது பிறக்குமுன்னரே சூட்டப்பட்டதாயிற்று!

இந்த விடயம் வகுப்பறையிலும் என்னை உறுத்துவதுண்டு. பாடநூல் என்பதும் ஒரு தொகுப்புத்தானே? சிலப்பதிகாரத்தில் வழக்குரை காதையை மாத்திரம் கற்கும் மாணவர், கண்ணகி என்றால் சினமே உருவானவள் என்று எழுதுகின்றனர். கோவலன் பிரிந்திருந்த காலத்திலே, காமவேள் கோட்டம் தொழுமாறு தேவந்தி கூறியதைத் தனக்குப் பெருமையன்று என மறுத்து அமைதியாக இருந்த கண்ணகியை அவர்கள் கண்டதில்லை. அந்த நெடிய பொறுமையை அறிந்தவருக்கே மதுரையில் எழுந்த சினத்தின் கனம் விளங்கும். அதற்காக அந்தக் காதையைப் பாடநூலிலிருந்து நீக்கவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஒரு காதையும் இல்லையேல், அவர்களுட் பலர் இளங்கோவின் பெயரையே அறியார்.

ஆகவே தொகை என்பது வாயில், வீடு அன்று. வாயிலைப் பழிப்பது நன்றியின்மை. வாயிலிலேயே நின்றுவிடுவது நமக்கு இழப்பு. தொகுப்பாளர் செய்வது தெரிவு மாத்திரமன்று, தீர்ப்பும் ஆகும். அந்தத் தீர்ப்பை ஏற்பதா என்று முடிவுசெய்யும் உரிமை, மூலத்தைத் தேடிச் செல்பவனுக்கே உண்டு. ஈகிள்ஸ் குழுவின் இந்தப் பத்துப் பாடல்களைக் கேட்க நேர்ந்தால், 1973இன் அந்தத் தட்டையும் தேடி, முதலிலிருந்து முடிவுவரை ஒருமுறை கேளுங்கள். அவ்வாறே, உங்கள் பிள்ளை பாடநூலிலே ஒரு செய்யுளைப் படித்துக்கொண்டிருந்தால், அது எந்த நூலில், எதற்குப் பின்னால், எதற்கு முன்னால் வருகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள்.