சிலருக்கே வரும் நோய்க்கு மருந்து யார் செய்வார்?



தோட்டத்து மளிகைக் கடையில் அரிசி, சீனி, கருவாடு எப்பொழுதும் இருக்கும். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் வேண்டிய சாமானைக் கடைக்காரர் வாங்கி வைப்பாரா? முதல் முடங்கிவிடுமே! மருந்துக் கம்பெனிகளும் நெடுங்காலம் இப்படித்தான் கணக்குப் பார்த்தன.

நம் நாட்டில் 4,000 பேரில் ஒருவருக்கும் குறைவாகக் காணும் கொடிய நோயை அரிய நோய் என்கிறார்கள். அவற்றில் ஒன்று கோஷே. ஒருவகைக் கொழுப்பைக் கரைக்கும் என்சைம் என்னும் சத்து பிறவியிலேயே குறைந்திருப்பதால், அக்கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் தேங்கிவிடுகிறது. பிள்ளைக்கு வயிறு வீங்கும், இரத்தம் குறையும், இலேசாக இடித்தாலும் கன்றிப்போகும், எலும்பு வலிக்கும். அந்தக் காலத்தில் மண்ணீரல் வீங்கினால் மலேரியா என்று டிரசர் கொயினா கொடுப்பார். இப்பொழுது வயிறு உப்பினால் பூச்சி மருந்து கொடுக்கிறோம். நானே பல தாய்மார்களுக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். வாத்தியார் என்ற பேர் வேறு!

அமெரிக்காவில் அப்பி மேயர்ஸ் என்னும் தாயின் மகனுக்கு, தன்னையறியாமல் உடம்பு வெட்டி இழுக்கும் டூரெட் நோய். சோதனையில் இருந்த ஒரு மருந்து அவனுக்குக் கேட்டது. ஆனால், வாங்குவோர் மிகச் சிலரே என்று கம்பெனி வேலையை நிறுத்திவிட்டது. அந்த அம்மாள் ஓய்ந்துவிடவில்லை. வேறு அரிய நோய்களால் வாடிய குடும்பங்களோடு சேர்ந்து போராடினார். 1983 ஜனவரியில் சட்டம் வந்தது: இத்தகைய மருந்து செய்யும் கம்பெனிக்கு வரிச் சலுகை, 7 ஆண்டுகள் போட்டியின்றி விற்கும் உரிமை.

1991இல் ஜென்சைம் கம்பெனி கோஷே நோய்க்கு மருந்து கொண்டுவந்தது. எதிலிருந்து தெரியுமா? பிள்ளை பிறந்தபின் விழும் நஞ்சிலிருந்து! ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு 20,000க்கு மேற்பட்ட நஞ்சுகள் வேண்டியிருந்தன. 1994இல் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களிலிருந்து எடுக்கும் முறை வந்தது. விலை மட்டும் இறங்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுதும் ஏற்ற வேண்டிய மருந்து. தோட்டச் சம்பளம் இருக்கட்டும், மேனேஜர் சம்பளமே போதாது.

ஆகவே அதே கம்பெனி பல நாடுகளில் சிலருக்கு இலவசமாகவும் கொடுக்கிறது. இந்தியாவில் 1999 முதல். நம் நாட்டிலும் சிலர் கம்பெனி உதவியால், சிலர் சுகாதார அமைச்சின் பணத்தால் அரிய நோய்களுக்கு மருந்து பெறுகின்றனர். இது தருமந்தான். ஆனால் விலை வைப்பவரும் அவரே, எத்தனை பேருக்கு இலவசம் என்பவரும் அவரே. அரசாங்கத்தின் பங்கு கூடவேண்டும் என்பது என் எண்ணம். நோயைப் பற்றி மக்களுக்கு அறிவிக்கவும் கம்பெனிகள் பணம் தருகின்றன. நோய் இன்னதென்று தெரியாத பிள்ளைக்கு மருந்து விற்க முடியாதல்லவா? அதில் அவர்களுக்கும் ஆதாயம், நமக்கும் ஆதாயம்.

ஒரு பிள்ளைக்கு வயிற்று வீக்கம் வற்றாமல் இருந்தால் கிளினிக்கோடு நின்றுவிடாதீர்கள். சுங்கைப் பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேளுங்கள். அங்கிருந்து கோலாலம்பூர் ஆஸ்பத்திரியின் மரபியல் பிரிவுக்கு அனுப்ப வழியுண்டு. டாக்டரிடம் இரண்டு செய்திகளை மறைக்காமல் சொல்லுங்கள்: மூத்த பிள்ளை இதேபோல் இருந்து தவறியதா, பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்களா என்பதை.